கேட்டால் என்ன நினைப்பார்கள்?

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் உடம்பைப் பற்றிய சந்தேகங்களை யாரிடம் கேட்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு பெரும்பாலும் கைப்பேசியைத் திட்டுவதில் போய் முடிந்துவிடும். பாலக்கோட்டில் ஒரு மருந்துக் கடையில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, அது பாதி வழியில் நின்றுவிடும் பேச்சாகவே தோன்றுகிறது. கைப்பேசி சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளில் பலர் நம்புவதில்லை. ஆனாலும் அதனிடம் போகிறார்கள், ஏனென்றால் "இதை நீ எதற்குக் கேட்கிறாய்?" என்று அது திருப்பிக் கேட்பதில்லை. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் உடம்பைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டால், பதில் வருவதற்கு முன்பே அவளைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. கேள்விக்கு அத்தனை விலை வைத்துவிட்டு, பிள்ளைகள் நம்மிடம் கேட்பதில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பள்ளி விடும் நேரத்தில் கடைக்கு வரும் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். பெரியவர்கள் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கி முடிக்கும்வரை குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பார்கள். கடை காலியானதும் கைப்பேசியை நீட்டுவார்கள். திரையில் ஒரு களிம்பின் ட்யூபோ மாத்திரை அட்டையோ படமாக இருக்கும். "இது இருக்குதாக்கா?" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. யாருக்கு என்று கேட்டால் "ஃபிரெண்டுக்கு" என்றோ, "எதுத்த வீட்டுல கேட்டாங்க" என்றோ பதில் வரும். நான் அந்தப் பதிலைக் கிளறுவதில்லை. "அப்போ உன் ஃபிரெண்டுகிட்ட இதைச் சொல்லிடு" என்று தொடங்கினால், பிள்ளைகள் கடைசிவரை நின்று கேட்கிறார்கள், நடுவில் ஒன்றிரண்டு சந்தேகங்களையும் அந்த ஃபிரெண்டின் பெயரிலேயே கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள்.

அதிகம் கேட்கப்படுவது முகத்துக்கான களிம்பு. பருவுக்கும் நிறத்துக்கும் ஒரே மருந்து என்று யாரோ காணொளியில் காட்டியிருப்பார்கள், அல்லது விடுதியில் ஒருத்தி பூசிப் பத்து நாளில் முகம் வெளுத்ததை மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் களிம்புகளில் பலவற்றில் இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள். தோல் நோய்க்கு மருத்துவர் அளவும் நாளும் குறித்துக் கொடுத்தால் அவை நல்ல மருந்துகள்தான். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, வெயில் பட்டாலே எரிந்து, பருவும் முன்பைவிடக் கூடுதலாகக் கிளம்பும். பூசுவதை நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து வீங்குவதால், களிம்பு நின்றதுதான் காரணம் என்று நினைத்து மறுபடியும் அதையே பூசத் தொடங்குவார்கள். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டு கேட்காத கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடை என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

அடுத்தது, நாள் தள்ளிப்போவதற்கான மாத்திரை. ஊர் மாரியம்மன் திருவிழா நெருங்கும்போதும், வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும்போதும், பொதுத்தேர்வுக்கு முன்பும் இதைக் கேட்டு வருவார்கள். நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து அது. கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் இரத்தம் உறைந்து கட்டிய நோய் இருந்தவர்கள் எல்லாம் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது. வருகிற பெண்ணிடம் இதையெல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் மாத்திரையின் பெயரைச் சொல்லி அனுப்பியவள் அவளுடைய சித்தி, சித்திக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. இந்த ஒரு மாத்திரையை மட்டும் தாயோ சித்தியோ கூச்சமின்றி வாங்கிவரச் சொல்கிறார்கள் என்பதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். தீட்டைத் தள்ளிவைப்பதற்கு வீட்டில் பேச்சு உண்டு. அதே பெண்ணுக்கு மாதாமாதம் வயிற்றுவலி தாங்க முடியவில்லை என்றால் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு கேள்வியும் இருக்கிறது. பல்லில் உள்ள கறை போக என்ன மருந்து என்பது அது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதும், அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும் என்பதும் பெரியவர்களுக்குப் பழகிப்போன செய்தி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் பேசும்போதெல்லாம் மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டே பேசுவான், சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் குழைத்துத் தேய்க்கச் சொல்லிக் காணொளியில் பார்த்து, பல வாரங்கள் தேய்த்திருக்கிறான். கறை போகவில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசத் தொடங்கிவிட்டது. அடுத்ததாகக் கரித்தூள் வாங்க வந்திருந்தான்.

அவனுக்குத் தெரிய வேண்டியது மிகவும் எளிமையானது. முன்பற்களின் எனாமல் உருவாகும் சிறுவயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், உடம்பில் சேர்ந்த அதிகப்படியான ஃபுளோரைடுதான் அந்தக் கோட்டை உண்டாக்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள், காவிரி நீர் ஒழுங்காக வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பும் குடும்பங்களில் தம்பி தங்கைகளுக்கும் அதே கறை விழுகிறது. அது எனாமலுக்குள்ளேயே இருக்கும் நிறம், அழுக்கு அன்று. தேய்க்கத் தேய்க்க எனாமல்தான் கரையும். மேற்புறத்தை மெல்லச் சீவி எடுப்பது, நிறம் நீக்குவது, பல்லின் நிறத்திலேயே ஒரு பூச்சு வைப்பது என்று பல் மருத்துவரிடம் வழிகள் உண்டு. இதில் ஒரு வரியைக்கூட அவன் அதுவரை கேட்டதில்லை. பல் துலக்காதவர்களுக்குத்தான் பல் மஞ்சளாகும் என்று எங்கோ உட்கார்ந்து பேசிய ஒருவரின் காணொளியை நம்பி, தன்னைச் சுத்தமில்லாதவன் என்று முடிவுகட்டியிருந்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றைப் பற்றி அவர்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

கைப்பேசியின் உண்மையான குறை இங்கே இருப்பதாக நினைக்கிறேன். அதில் நல்ல தகவலும் இருக்கிறது, பொறுப்பான மருத்துவர்கள் தமிழிலேயே தெளிவாகப் பேசும் காணொளிகளும் இருக்கின்றன. ஆனால் ஏரியூரில் இருக்கும் பையனின் பல்லையும் அவன் வீட்டுத் தண்ணீரையும் அது அறியாது. தளி, அஞ்செட்டி பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு, தன் உடம்பில் நடப்பதை எந்த மொழியில் எப்படித் தேடுவது என்பதே தெரிவதில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாமல் பேசித் தேடலாம் என்றால், பேசினால் வீட்டில் காதில் விழும். கொரோனா காலத்தில் பாடம் கேட்க வாங்கிய ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பியோடு பகிர்ந்துகொள்ளும் பெண்கள், தேடியதை உடனே அழிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பதிலைப் படித்து முடிக்கும் முன்பே அழிக்க வேண்டிய நிலையும் அவர்களுக்கு வருகிறது.

வீட்டில் கேட்கலாமே என்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வீடுகளின் நிலை தெரிய வேண்டும். பெங்களூருவில் கட்டட வேலைக்கும், திருப்பூரில் பனியன் வேலைக்கும், கேரளத்துத் தோட்டங்களுக்கும் தாயும் தந்தையும் போய்விட, பிள்ளைகள் பாட்டியிடமோ அரசு விடுதியிலோ வளர்கிறார்கள். முன்பெல்லாம் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை அத்தையோ கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கும் அக்காவோ சொல்லிவிடுவார்கள். பிழைப்புக்காக ஆளுக்கொரு திசையில் போனதில் அந்த வழி அறுந்துபோயிற்று. மிஞ்சியிருப்பவர் பாட்டி மட்டுமே. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துத் தேற்றுவதில் அந்த மூதாட்டிகளுக்கு நிகர் யாருமில்லை, அந்த உணவில் உள்ள நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெள்ளைப்படுதல் என்று வந்தால் மட்டும் அவர்கள் சொல்வது பெண்ணை நடுங்க வைத்துவிடுகிறது.

"எலும்பு உருகி வெள்ளையாப் போவுதாம், இன்னும் கொஞ்ச நாள்ல நடக்க முடியாமப் போயிடுமாம், ஆயா சொல்லுது, அப்படியாக்கா?" என்று ஒரு பெண் கேட்டபோது அவளுக்குக் கண்ணில் நீர் நின்றது. எலும்பு உருகுவதில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு நிறமில்லாமலோ வெண்மையாகவோ, நாற்றமோ அரிப்போ இல்லாமல் சிறிதளவு நீர் கசிவது இயல்பு, மாதத்தின் நடுவில் அது கூடுவதும் இயல்பு. தயிர்த் திப்பி போலத் திரண்டு அரித்தாலோ, துர்நாற்றம் அடித்தாலோ, பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினாலோ, அடிவயிறு வலித்தாலோ அது தொற்று, மருத்துவரைப் பார்த்தால் குணமாகிவிடும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்தப் பெண் அந்தப் பயத்தோடு ஏறக்குறைய ஒரு வருடம் இருந்திருக்கிறாள். பாட்டியைத் தவிர அம்மாவிடமும் ஆசிரியையிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா, ஏதோ பண்ணிட்டா போலனு நெனைப்பாங்க்கா" என்றாள்.

அவள் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். எங்கள் இரு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நின்றபாடில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதைத் தடுக்கிறது. அதிகாரிகள் நள்ளிரவில் போய்க்கூடத் தாலி கட்டுவதை நிறுத்துகிறார்கள், ஆனாலும் மலைக் கோயில்களிலும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணைகளிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி முடிக்கப்படும் பல திருமணங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு சந்தேகம். பையனோடு பேசினாள், கைப்பேசியில் ஏதோ பார்த்தாள், நாள் தள்ளிப்போயிற்று என்ற ஏதாவது ஒன்று போதும். "பேர் கெட்டுப் போறதுக்குள்ள முடிச்சிடணும்" என்று தாய்மாமனைத் தேடிப் போய்விடுவார்கள். இரத்தசோகையாலோ தைராய்டாலோ தேர்வுக் கவலையாலோ மாதவிடாய் தள்ளிப்போகலாம் என்று அந்த வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். தன் படிப்பைப் பணயம் வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பதால், அவள் கேட்காமல் இருக்கிறாள்.

பையன்களுக்கு இப்படிப்பட்ட ஆபத்து இல்லை, ஆனால் அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு பாட்டிகூடக் கிடையாது. பெண்கள் உள்ள வீட்டில் மாதவிடாயைப் பற்றியாவது மறைமுகமாகப் பேச்சு எழும். பையனின் உடம்பைப் பற்றிப் பேச்சே எழாது. அந்த வெற்றிடத்தில் குடியேறியவர்கள் விடுதி அறை வைத்தியர்கள். மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் இந்த ஊர் லாட்ஜில் சந்திக்கலாம் என்று பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டப்பட்ட காகிதங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. இப்போது அந்தக் காகிதம் கைப்பேசிக்குள் போயிருக்கிறது. சுயஇன்பத்தால் நரம்பு தளரும், பல துளி இரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து உண்டாகிறது, கனவில் வெளியேறினால் ஆண்மை போயிற்று, பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்பவையே அவர்களுடைய மூலதனம். விந்து இரத்தத்திலிருந்து வடிகட்டப்படுவதில்லை, உடம்பு அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவது பருவம் வந்ததன் அடையாளம். சுயஇன்பத்தால் நரம்புக்கோ எதிர்காலத்துக்கோ கேடு எதுவும் இல்லை. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. எழுபது ஆண்டுகளாக இருக்கும் சட்டத்தை மீறி, மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் கோடை விடுமுறைக்கு வேலை செய்து சம்பாதித்த பணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைவிட, தனக்கு நோய் என்ற நினைப்பிலேயே அவர்கள் கழித்த இரவுகளை எண்ணித்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எழுதத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டிய ஒன்று, கருக்கலைப்பு மாத்திரை. அதையும் கடையில் கேட்கிறார்கள், பெரும்பாலும் பெண்ணுக்காகப் பையன் வந்து கேட்பான். மருத்துவர் இல்லாமல் அதைக் கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பு என்பதோடு, கரு கருப்பையில்தான் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று பார்க்காமல் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் ஏற்கெனவே குறைந்த பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனால், அரூருக்கு மேலே சித்தேரி மலையில் இருப்பவளைக் கீழே கொண்டுவரக்கூட நேரம் இருக்காது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் என் கடமை முடிந்ததாக ஆகாது, ஏனெனில் வேறெங்கோ அவன் வாங்கிவிடுவான். மருத்துவமனைக்கு அழைத்துப் போ என்றால், "போலீஸ் வரும்க்கா" என்கிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருவுற்றிருப்பது தெரிந்தால் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளைக் காக்கவே அந்தச் சட்டம் வந்தது, அது எத்தனையோ பேரைக் காத்தும் இருக்கிறது. இருவருமே பிள்ளைகளாக இருக்கும் இடத்தில் அதே சட்டம் மருத்துவமனை வாசலை அடைத்துவிடுகிறது என்பதை உச்ச நீதிமன்றமும் கவனித்தது. பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில் சொன்னது. இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதை, அது யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்தப் பெண்களில் ஒருத்தியும் அறிந்து நான் பார்த்ததில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ள எல்லாருக்குமானது. ஆலோசனை மையம், பள்ளியிலும் ஊரிலும் சக வயது வழிகாட்டிகள் என்று அதில் நல்ல எண்ணங்கள் நிறைய உள்ளன. புதுயுகம் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் வருகிறது. வாரம் ஒரு முறை 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கும் நிலையில், அந்த மாத்திரையின் அருமை சொல்லி மாளாது. ஆனால் அதைச் சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உணவோடு தேநீர் குடித்தால் சத்து சேராது என்று யாரும் சொல்வதில்லை. மலம் கருத்ததைப் பார்த்த பெண் பயந்துபோய்த் தோழியிடம் சொல்ல, குழந்தை பிறக்காமல் இருக்கத்தான் இதைத் தருகிறார்கள் என்ற வதந்தி கிளம்ப, மாத்திரை ஜன்னல் வழியே போய் விழுகிறது. மாத்திரையைக் கையில் கொடுத்த அன்றே ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் போதும்.

ஆலோசனை மையம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு மையம் பிரசவ வார்டுக்குப் போகும் நடையிலேயே இருந்தது. சீருடையோடு ஒரு பெண் அந்த நடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரம்மா ஒருவர் அவளைப் பார்த்துவிடுவார். வேலை நேரமும் பள்ளி நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் ஊருக்குள்ளேயே வருகிறார், நல்ல மனுஷி, ஆனால் அவர் வீட்டு வாசலில் நின்று பேசும்போது மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் நிற்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை பாட்டியின் திண்ணைக்கே வருகிறது, அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தத் திண்ணைக்கு உள்ளே இருக்கும் பேத்தியிடம் "உனக்கு ஏதாவது கேக்கணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போக, தனியாகக் கேட்டுவிட்டுப் போக, அதே ஏற்பாட்டில் இடம் வைக்க முடியாதா?

தொலைபேசி எண்கள் இருக்கின்றன, அவை நான் மிகவும் நம்பும் வழிகளில் ஒன்று. உடல்நலச் சந்தேகத்துக்கு 104, மனத் துயருக்கு 14416, திருமணம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள் என்றாலோ யாராவது துன்புறுத்தினாலோ 1098. இவற்றைக் கடையில் மருந்து போட்டுக் கொடுக்கும் காகித உறையில் அச்சடித்துக் கொடுக்கிறோம். உறை வீட்டுக்குப் போனாலும் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

பணம் இல்லாமலும் பெரிய கட்டடம் இல்லாமலும் நம்பிக்கையை எப்படிக் கட்டலாம் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் 1993இல் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அங்கே வாழும் 'மலையாளி' என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். அங்கே ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிக் கேட்கப் போகும் ஆள், அவளுடைய பேச்சையும் அவள் வீட்டு உணவையும் தீட்டுக் கட்டுப்பாடுகளையும் உள்ளிருந்து அறிந்தவள். அதே ஊர்க்காரி என்பதால் விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயத்தை வெறும் வாக்குறுதியால் போக்க முடியாது, ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்லும் வெளியே போகாமல் காத்துத்தான் போக்க முடியும். பத்து மாதத்துக்கொருமுறை மாறிப்போகும் ஒப்பந்த ஆலோசகரால் அதைச் செய்ய இயலாது. எங்கள் அரசு மருத்துவமனைகளில் ஆலோசகர் பணியிடத்தை நிரந்தரமாக்க வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மாணவிகளிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். முதல் நாளே ஒரு பெட்டியை வைத்து, பெயரில்லாமல் எழுதிப் போடச் சொன்னேன். எழுதுகிறவளை மற்றவர்கள் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காக, கேள்வி இல்லாதவர்களும் ஏதாவது ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று ஏற்பாடு. வந்த சீட்டுகளில் சிலவற்றை அப்படியே தருகிறேன். "பல்லுல கறை இருந்தா பொறக்கற குழந்தைக்கும் வருமா?" "ஒரு பக்கம் சின்னதா இருக்கு, கேன்சரா?" "அம்மா பெங்களூர்ல இருக்காங்க, பேட் தீந்துட்டா யார்கிட்ட கேக்கறது?" "நைட்டு தூக்கமே வரல, செத்துடலாம்னு தோணுது, இது நோயா?" இந்தக் கடைசிச் சீட்டுக்கு மட்டும் நான் கூட்டத்தில் பதில் சொன்னதோடு நிறுத்தவில்லை. கூட்டம் முடிந்தபின் பேச விரும்புகிறவர்கள் யாராக இருந்தாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு, மாலை இருட்டும்வரை நூலக அறையில் காத்திருந்தேன், தலைமையாசிரியையும் காத்திருந்தார். அவள் வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

இன்னொரு சீட்டு என் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. "ரெண்டு மாசமா வரல. நான் தப்பு எதுவும் பண்ணல." முதல் வரி கேள்வி, இரண்டாம் வரி யாரும் கேட்காமலே கொடுக்கப்பட்ட வாக்குமூலம். அவள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாததால், எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பதிலைச் சொன்னேன்.

பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம். ஒரு முறை தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள்வரை 21 நாள் முதல் 45 நாள் வரை ஆகலாம். உடம்பு மெலிந்தாலும், திடீரென எடை கூடினாலும், மனத்தில் கவலை இருந்தாலும், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் தள்ளிப்போகும். 90 நாள் ஆகியும் வராவிட்டாலும், ஒரு முறை வந்து ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய அளவுக்குப் போனாலும், பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன். ஏன் போகிறோம் என்று வழியில் கேட்க மாட்டேன்.